முப்பத்தொண்ணாம் நம்பர் பால்

எனக்குப் பேத்தி பொறந்து இன்னிக்கு நாப்பதாவது நாள். மூக்கு அப்படியே என்னுது. சம்பந்தி வீட்ல ஒத்துக்க மாட்டேங்குறாங்க. தெனமும் கண்ணாடியில பாக்குற மூக்கு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சவன் தெரியாதவன் எல்லாருக்கும் போன் போட்டு சொல்லியாச்சு. ஆனா இந்தக் கதையில இன்னொருத்தங்க இருக்காங்க. அவங்களப் பத்தி போன்ல சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. அதனால எழுதிவைக்கிறேன்.

நாங்க அவங்கள நம்பரம்மான்னு கூப்பிடுவோம். பெரியாஸ்பத்திரில மாடிப்படிக்குக் கீழ எறங்கிப் போனா ஒரு ரூம். ஜன்னல் கெடையாது. ஆள் உயரத்துக்கு மூணு ஃப்ரீசர் நிக்கும். நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அந்த மூணுக்கும் முப்பது வருஷமா வைத்தியம் பாக்குறது நான்தான். உள்ள இருக்குறது மருந்து இல்ல. தாய்ப்பால். சுண்டுவிரல் தண்டி டியூபுல எத்தனையோ அம்மாக்களோட பாலு கல்லாட்டம் உறைஞ்சு நிக்கும்.

பால்ல இருக்குற கொழுப்புக்கும், அதக் குடிச்ச புள்ளைக்கு வளந்தப்புறம் இதயம் எப்படி இருக்குங்கறதுக்கும் சம்பந்தம் உண்டான்னு பாக்குற ஆராய்ச்சி அது. டாக்டருங்க வந்தாங்க, போனாங்க. நம்பரம்மா மட்டும் அங்கயே இருந்தாங்க. கண்ணாடிக் குப்பி கழுவுற வேலைக்குச் சேந்தவங்க. கழுவிக்கிட்டே பாத்துப் பாத்து பால அளக்கக் கத்துக்கிட்டாங்க.

ஒல்லியான ஒடம்பு. வெயில் காலத்துலயும் ஸ்வெட்டர். நடந்து வந்தா சத்தமே கேக்காது. நான் குனிஞ்சு மோட்டார் பாத்துக்கிட்டிருப்பேன், காதுகிட்ட "என்ன மெக்கானிக், மூச்சு விடுதா?"ன்னு குரல் வரும். தூக்கிவாரிப் போடும்.

"எது?"

"பொட்டிதான். நீங்க விடுறது எனக்குக் கேக்குதே."

ஃப்ரீசர தொறந்தா உள்ள இருக்குறதுங்ககூட பேசுவாங்க. "நாப்பத்தி நாலு, கொஞ்சம் தள்ளு. அம்பது, நீ ஏன் சாஞ்சிருக்க?" ஒரு நாள் சிரிச்சுட்டேன். அவங்க சிரிக்கல. "முதல் தட்டுல இருக்குற நாப்பத்தோரு பேர்ல ஒம்போது பேர் இப்ப உசுரோட இல்ல மெக்கானிக். பால் மட்டும் இருக்கு. நாலு வார்த்த பேசுனா என்ன கொறஞ்சுடும்?" அதுக்கப்புறம் அந்த ரூமுக்குள்ள போனா நானும் செருப்ப வெளிய விட்டுட்டுத்தான் போனேன்.

ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ நம்பரம்மா அந்த அம்மாக்களோட புள்ளைங்க வீட்டுக்கெல்லாம் போவாங்க. ரத்த அழுத்தம், எடை, கொஞ்சம் ரத்தம். சொல்லாமக் கொள்ளாம கேட்ல வந்து நிப்பாங்க. வணக்கம் சொல்றதுக்கு முன்னாடி புள்ள நெஞ்சுல கை வெச்சுடுவாங்க. கை ஐஸாட்டம் இருக்கும். அவங்க தல தெரிஞ்சா தெருவுல இருக்குற வாண்டுங்க எல்லாம் கட்டிலுக்கு அடியில. மீச வெச்ச தடியன் எவனாவது மார்க்கெட்ல எதிர வந்தாக்கூட, பேரு சொல்ல மாட்டாங்க. "நூத்திப்பத்து, எளச்சுட்டியே"ன்னு நெஞ்சத் தொட்டுட்டுப் போயிடுவாங்க.

என் பொண்ணு நம்பர் முப்பத்தொண்ணு.

ஆராய்ச்சி ஆரம்பிச்ச வருஷம்தான் அவ பொறந்தா. என் வீட்டுக்காரி நம்பரம்மா கேட்டதும் ரெண்டு டியூப் பால் குடுத்தா. கொஞ்ச நாள்ல ஒரு சீட்டு வந்துச்சு. பால்ல கொழுப்பு ரொம்பக் கம்மின்னு எழுதியிருந்துச்சு. டாக்டர் பயப்பட ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னாரு. ஆனா இவ மனசுல அது ஆணியாட்டம் எறங்கிடுச்சு. "என் பால்ல சத்து இல்லையாம். இவ நெஞ்சு என்ன ஆகுமோ"ன்னு, புள்ள தூங்குறப்பல்லாம் நெஞ்சுல கைய வெச்சுக்கிட்டு ஒக்காந்துடுவா. நான் திட்டுவேன். எடுக்க மாட்டா. பொண்ணுக்கு ஆறு வயசு ஆனப்ப மூளைக் காய்ச்சல்ல அவ போயிட்டா. அந்தக் கை மட்டும்தான் தன் அம்மாவப் பத்தி ஞாபகம் இருக்குன்னு என் பொண்ணு சொல்லுவா. மொகம் ஞாபகம் இல்லையாம். நெஞ்சு மேல ஒரு கை.

பேத்தி பொறந்த பத்தாவது நாள், குழந்தைக்கு மெத்துன்னு துணி தேடுறேன்னு அம்மாவோட தகரப் பெட்டிய தொறந்தா பொண்ணு. துணிக்கு அடியில அந்தச் சீட்டு. அவ்வளவுதான்.

நான் போய்ப் பாக்குறப்ப புள்ள வீல்வீல்னு கத்துது. இவ பக்கத்துலயே சுவத்தப் பாத்து ஒக்காந்திருக்கா. மார் கட்டிக்கிட்டு, ஜாக்கெட்டெல்லாம் நனஞ்சு.

"பால் குடும்மா, புள்ள அழுவுது."

"மாட்டேன்பா. என் பாலும் அப்படித்தான் இருக்கும். அம்மாகிட்டேருந்து எனக்கு வந்தது இவளுக்கு வேணாம். இல்லாட்டி நம்பரம்மா எதுக்கு என் நெஞ்சயே வந்து வந்து பாக்குறாங்க? சொல்லுங்க!"

மாப்பிள்ள பாலாடையும் பவுடர் டப்பாவுமா நின்னாரு. புள்ள அதக் குடிச்சுது. அதுல ஒண்ணும் இல்ல, எத்தனையோ புள்ளைங்க குடிச்சு நல்லா வளருது. என்னப் பயமுறுத்துனது வேற. அழுக நின்னதும் என் பொண்ணு கைய நீட்டி புள்ள நெஞ்சுல வெச்சா. விரலெல்லாம் விரிச்சு, கட்ட விரல மட்டும் மடிச்சு. அவ அம்மா அப்படித்தான் வெப்பா. இவளுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. அன்னிக்கு முழுக்க அந்தக் கைய எடுக்கவே இல்ல. சாப்பாடுகூட இடது கையால.

மறுநாள் குழந்தைக்கு ஆஸ்பத்திரில செக்கப். முடிஞ்சு படிகிட்ட வர்றோம், கீழ் படியில நம்பரம்மா நிக்கிறாங்க, எங்களுக்காகவே காத்துக்கிட்டிருந்த மாதிரி. நான் சொல்லி அனுப்பவே இல்ல.

"முப்பத்தொண்ணு, கீழ வா. உனக்கு ஒண்ணு தரவேண்டியிருக்கு."

என் பொண்ணு புள்ளைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டா. "சீட்டு பாத்துட்டேன். இன்னும் என்ன இருக்கு?"

"அந்தச் சீட்டு பொய்மா."

கீழ எறங்கினோம். மூணு ஃப்ரீசரும் உறுமிக்கிட்டிருந்துச்சு. நம்பரம்மா எங்களப் பாக்காம ஃப்ரீசரப் பாத்தே பேசினாங்க. "முதல் வருஷம் எனக்கு ஒண்ணும் தெரியாது. டியூப எடுத்து, ஐஸ் எளகினதும் அப்படியே மேலாப்ல ஊத்தி அளந்துட்டேன். சில்லுன்னு இருந்தா கொழுப்பு கண்ணாடியிலயே ஒட்டிக்கும். ஒடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, மெதுவா தலகீழாப் பெரட்டிப் பெரட்டிக் கலக்கணும். கொழுப்பு சொவத்துல இருக்கு, நான் தண்ணிய அளந்திருக்கேன். நாப்பத்தோரு அம்மாவுக்கும் தப்பான சீட்டு. ஆறு வருஷம் கழிச்சுதான் கண்டுபுடிச்சேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"ன்னு நான் கத்திட்டேன். அந்த ரூம்ல என் குரல் எனக்கே வேற மாதிரி கேட்டுச்சு.

"வந்தேன் மெக்கானிக். ஒவ்வொரு வீடா போனேன். உங்க வீட்டுக்கு வந்த அன்னிக்கு கேட்ல ஆம்புலன்ஸ். வாசல் பூரா செருப்பு. யாருக்குச் சொல்றது? அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ சொல்லிடணும்னுதான் வருவேன். இவ நெஞ்சுல கை வெச்சதும் வாய் கட்டிக்கும். இருபத்துமூணு வருஷம் ஓடிப்போச்சு." அப்புறம் என் பொண்ணு பக்கம் திரும்பினாங்க. "உங்கம்மா குடுத்த ரெண்டாவது டியூப் இன்னும் தொடாம இருக்கு. உன் கண்ணு முன்னால அளக்கட்டுமா?"

அவ தலையாட்டினா.

முதல் தட்டுலேருந்து எடுத்தாங்க. புகையாட்டம் குளிர் எறங்குச்சு. வெதுவெதுன்னு தண்ணியில நிக்கவெச்சாங்க. கொஞ்சம் கொஞ்சமா வெள்ள எளகுச்சு. தெர்மாமீட்டரப் பாத்து, "முப்பத்தேழு. ஒடம்புச் சூடு"ன்னாங்க. செத்து இருபத்துமூணு வருஷம் ஆன என் வீட்டுக்காரியோட பாலு, அவ ஒடம்புலேருந்து இப்பத்தான் வந்த சூட்டுல என் முன்னால இருக்கு. மூடிய தொறந்தாங்க. லேசா ஒரு வாசன.

தூங்கிக்கிட்டிருந்த என் பேத்தி தலயத் திருப்புச்சு. கண்ணத் தொறக்கல. வாயத் தொறந்து, டியூப் இருந்த பக்கமா தேடுச்சு. நம்பரம்மா டியூப இந்தக் கையிலேருந்து அந்தக் கைக்கு மாத்துனாங்க. அதுவும் கூடவே திரும்புச்சு.

ஊசி கனத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய். பால அதுல உறிஞ்சி, அடிய களிமண்ணால அடச்சு, சுத்துற மிஷின்ல போட்டாங்க. நின்னதும் வெளிச்சத்துல புடிச்சாங்க. மேல மஞ்சளா ஒரு பட்ட. சீட்டுல எழுதின அளவுக்கு ரெண்டு மடங்குக்கு மேல.

"எல்லா அம்மாவுக்கும் இருக்குற மாதிரிதான் இருந்திருக்கு"ன்னாங்க நம்பரம்மா.

என் பொண்ணு ரொம்ப நேரம் அந்தக் குழாயையே பாத்தா. "அம்மா சும்மாவே பயந்துட்டாங்களா?"ன்னு கேட்டா. அப்புறம், "என்னுதையும் அளந்து சொல்லுங்க"ன்னா.

"மாட்டேன். காலைல ஒண்ணு இருக்கும், சாயங்காலம் ஒண்ணு. குடிக்க ஆரம்பிக்கிறப்ப தண்ணியா வரும், முடியப்போறப்ப கெட்டியா வரும். ஒரு சொட்ட வெச்சு ஒரு புள்ள நெஞ்ச எழுத முடியாதும்மா. இத்தன வருஷமா எத்தன நெஞ்சத் தொட்டிருக்கேன். கொழுப்பு நெறய இருந்த புள்ளையும் உண்டு, கம்மியா இருந்த புள்ளையும் உண்டு. எது எப்படின்னு டாக்டருங்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரல. புள்ள தேடுது பாரு."

ஸ்டூல இழுத்துப் போட்டாங்க. நானும் மாப்பிள்ளயும் வெளிய வந்துட்டோம். உள்ளேருந்து மோட்டார் சத்தத்துக்கு நடுவுல, மொடக் மொடக்குனு சத்தம். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு.

கெளம்புறப்ப நம்பரம்மா மிச்சப் பாலோட டியூப என் கையில குடுத்தாங்க. "எளகுனத திரும்ப உறைய வைக்கக் கூடாது மெக்கானிக். இந்த முப்பத்தொண்ண நீங்களே கூட்டிட்டுப் போங்க." பேத்தி நெஞ்சத் தொட கைய நீட்டுனவங்க, பாதியிலயே நிறுத்தி, கைய ஸ்வெட்டருக்குள்ள விட்டுக்கிட்டாங்க.

டியூப சட்டப் பையில போட்டேன். சூடும் குளிரும் என் தொழில். அந்த அளவு பாலு பத்து நிமிஷத்துல ஆறிடணும். ரெண்டு பஸ் மாறி, மழையில நனஞ்சு வீடு வந்தோம். தொட்டுப் பாத்தேன். அதே சூடு. என் ஒடம்புச் சூடா இருக்கும்னு மேஜ மேல வெச்சுட்டு துணி மாத்திட்டு வந்தேன். ஆறல.

ரூம எட்டிப் பாத்தேன். என் பொண்ணு அசந்து தூங்குறா, ரெண்டு கையும் தன் பக்கத்துலயே. பேத்தி பக்கத்துல மல்லாக்கப் படுத்திருக்கு. அது நெஞ்சு மேல யாரு கையும் இல்ல. ஏறி எறங்குது. நான் நிலப்படியிலயே நின்னு பாத்தேன். திரும்பி வந்து டியூபத் தொட்டப்ப, அப்பத்தான் ஆற ஆரம்பிச்சிருந்துச்சு.