நைலாவின் மழைக்கோட்டு

டீக் கிளாஸைக் கையில் வாங்குவதற்கு முன்பே டெர்வின் சொல்லிவிடுவான்: "அக்கா, சக்கரை கம்மி." பொன்னம்மா கேட்கும்வரை காத்திருக்க மாட்டான். அந்தமானின் மாயாபந்தரில், படகுகள் வந்து நிற்கும் ஜெட்டியை ஒட்டி டீக்கடை நடத்தும் பொன்னம்மா, பெங்காலி, கரேன், ராஞ்சிக்காரர் என்று எல்லாருக்கும் டீ ஆற்றி ஆற்றித் தமிழ் ஆளிடமும் இந்தியிலேயே கேட்கப் பழகியவள். "மீட்டா கம்யா, ஜாஸ்தியா?" இனிப்பு குறைவா, கூடவா என்கிறாள். மீட்டா என்பது ஊரில் எல்லாரும் ஒரு நாளில் நாலு தடவை சொல்லும் சொல். டெர்வின் வாயில் மட்டும் அது வராது. கூட்ட நேரத்தில் அவள் முந்திக்கொண்டு கேட்டுவிட்டால், பதில் சொல்வதற்கு முன் பெஞ்சில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு முறை பார்த்துக்கொள்வான்.

அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. ஆணை விரும்பும் ஆணுக்கு ஜெட்டிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் அது.

டெர்வினுக்கு இருபத்தெட்டு வயது. படகு எஞ்சின் மெக்கானிக். ஓடும் எஞ்சின் மேல் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி, அதன் பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்பான். "நாசில் அழுவுது" என்பான். கழற்றிப் பார்த்தால், டீசல் பீய்ச்சும் அந்த நாசிலில்தான் அடைப்பு இருக்கும். அப்பா சிலுவைராஜ் கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்தவர். சொந்தமாக இரண்டு படகு, மாதா கோயில் கமிட்டியில் ஒரு நாற்காலி. "லே, எஞ்சின் கிடந்து உறங்குது. நீ போனக் கையில வச்சி யாரச் சுடுத?" என்பது மகனிடம் அவர் தினமும் கேட்கும் கேள்வி.

தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று டெர்வினுக்குத் தெரிந்தபோது வயது பதினாறு. இன்றுவரை வேறு யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் அவனுடைய முழுநேர வேலை. எஞ்சின் எல்லாம் மிச்ச நேரத்தில்.

ஒர்க்‌ஷாப் கதவின் உட்பக்கம் மெயின்லாண்டு கப்பல்களின் தேதிப் பட்டியல் ஒட்டியிருக்கிறது. கேட்பவர்களிடம் "ஸ்பேர் பார்ட்ஸ் வரணும்ல" என்பான். ஆனால் பார்ட்ஸ் வந்திறங்கும் தேதியை அவன் பார்ப்பதில்லை. கப்பல் போர்ட் பிளேரிலிருந்து கிளம்பும் தேதிகளைத்தான் பேனாவால் வட்டமிட்டு வைத்திருக்கிறான். எந்த நாளில் கேட்டாலும் அடுத்த கப்பலுக்கு எத்தனை நாள் என்று யோசிக்காமல் சொல்லக்கூடிய ஆள் அவன்.

இந்தப் பழக்கம் ஒச்சப்பனால் வந்தது. ரேஷன் கடையில் எடை போட்டவர், நாற்பது வயதாகியும் தனிக்கட்டை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில் பொன்னம்மா அவரிடம் வழக்கம்போல "மீட்டா?" என்று கேட்க, பெஞ்சிலிருந்து சிவபிரகாஷ் சொன்னான்: "அண்ணனுக்கு எதுக்குக்கா தனியா மீட்டா? அண்ணனே மீட்டாதானே!" கடை சிரித்தது. ஒச்சப்பனும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார். மறுநாள் அவர் அறைக் கதவில் யாரோ அந்தச் சொல்லைச் சாக்கட்டியால் எழுதியிருந்தார்கள். வாரம் முடிவதற்குள் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். மெயின்லாண்டு கப்பலுக்குப் பதினொரு நாள் இருந்தது. போர்ட் பிளேரில் போய்த் தங்க அவருக்கு ஆளில்லை. அதே ஊரில், அதே தெருவில், அந்தப் பதினொரு நாளையும் அவர் கழிக்க வேண்டியிருந்தது. பொன்னம்மா அவருக்கு மட்டும் பேப்பர் கப்பில் டீ கொடுத்தாள்.

இரவல் வாங்கிய ஸ்பேனரைத் திருப்பித் தர அவர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தபோது டெர்வின் எஞ்சினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அங்க வச்சிட்டுப் போங்க" என்றான். அவர் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போனார்.

பதினோராம் நாள் அவருடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கிப் பிளேர் பஸ்ஸின் மேல் ஏற்றியதும் சிவபிரகாஷ்தான். "தங்கமான மனுசன்யா. யார் என்னத்தக் கிளப்பி விட்டாங்களோ, பாவம்" என்று உண்மையாகவே வருத்தப்பட்டான். தான் சொன்னதுதான் அது என்று அவனுக்கு ஞாபகமே இல்லை.

சிவபிரகாஷ் டெர்வினின் நெருங்கிய நண்பன். ரோடு காண்ட்ராக்டில் சூப்பர்வைசர். மதியச் சாப்பாடு முடிந்ததும் வாயில் சுப்பாரிப் பாக்கை அடக்கிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிடுவான். இருவரும் ஆளுக்கொரு போனோடு பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்து ஊர்களான ரங்கத்திலிருந்தும் டிக்லிபூரிலிருந்தும் போனில் வரும் இரண்டு குரல்களைச் சேர்த்துக்கொண்டு நாலு பேர் அணியாகத் துப்பாக்கிச் சண்டை ஆடுவார்கள்.

அந்த விளையாட்டில் தேர்ந்தெடுக்கப் பத்து வீரர்கள். எட்டு பேர் ஆண்கள். தலைக்கு ஹெல்மெட், மார்புக்குக் கவசம், முட்டிக்குக்கூட உறை. மிச்சம் இரண்டு பெண்களுக்கும் ஆளுக்கு இரண்டு துண்டுத் துணி. அதில் ஒருத்தி நைலா. சேற்றிலும் பனியிலும் அவள் அந்த இரண்டு துண்டோடுதான் உருள வேண்டும். டெர்வின் எப்போதும் நைலாவைத்தான் எடுப்பான். அவள் ஓடும் வேகமும், சுவரேறிக் குதிக்கும்போது ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொள்ளும் தோரணையும் அவனுக்குப் பிடிக்கும். அவளாக ஓடும்போது அவனுக்கு மூச்சு லேசாக இருக்கும். இதையெல்லாம் சொல்ல முடியுமா? "பொம்பள வேசம் கட்டி ஆடுறியேடா" என்று முதல் நாளே கேட்டார்கள். அவன் பதிலைத் தயாராக வைத்திருந்தான்: "நாள் பூரா நம்ம ஆளோட முதுகுக்குப் பின்னாடியே ஓடணும். ஆம்பள முதுகப் பாத்துட்டு ஓடவா? கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கட்டும்டா." நாலு பேரும் சிரித்தார்கள். அந்தத் துண்டுத் துணிதான் இரண்டு வருடமாக அவனைக் காப்பாற்றி வந்தது.

இன்னொரு ஆளும் அதில் உண்டு, பாபி. எதிரிப் படையில் ஒருவன். ரோஸ் நிறச் சட்டை, உதட்டுச் சாயம், இடுப்பை ஒடித்து நடை. சுட்டால் கீச்சுக் குரலில் கத்தி, காற்றில் ஒரு முத்தம் விட்டுச் சாவான். பின்னணியில் கூட்டம் சிரிக்கும் சத்தத்தை விளையாட்டுக்காரர்களே வைத்திருக்கிறார்கள். அவனைக் கண்டால் ரங்கத்துக் குரல் "மீட்டா ஆகயா!" என்று கூவும், மீட்டா வந்துட்டான் என்று. அத்தனை பேர் உள்ள அந்த உலகத்தில் டெர்வினைப் போல ஒருவன் என்றால் அவன் மட்டும்தான், அதுவும் இப்படி. டெர்வின் ஒருநாளும் அவனைச் சுட்டதில்லை. "குண்டு தீந்துடுச்சு" என்று ஒதுங்கிவிடுவான். மற்றவர்கள் சிரிக்கும்போது இவன் சிரிப்பு அரை நொடி பிந்தி வரும். அந்த அரை நொடியை யாராவது கவனித்துவிடுவார்களோ என்று ஒவ்வொரு முறையும் சிவபிரகாஷை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வான்.

இப்படி எல்லாப் பக்கமும் பார்த்து நடந்தவன் ஓர் இடத்தில் அசந்துவிட்டான். முப்பது நாள் விடாமல் விளையாட்டுக்குள் வருபவர்களுக்கு நைலாவுக்கான மஞ்சள் மழைக்கோட்டு இலவசம் என்று அறிவிப்பு வந்தது. மழைக்காலம், நெட்வொர்க் போய்ப் போய் வந்தது. சிக்னலுக்காக ஜெட்டியின் நுனிவரை நனைந்துகொண்டே போய், முப்பது நாளும் கணக்குத் தவறாமல் உள்ளே வந்து அதை வாங்கிவிட்டான். கழுத்திலிருந்து கால்வரை மூடும் கோட்டு. அவளுக்கு அதை மாட்டிவிட்ட அன்று தனக்கே குளிர் விட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் மதியம். ஆட்டம் தொடங்கும் முன் நாலு வீரர்களும் திரையில் வரிசையாக வந்து நின்றார்கள். ஒர்க்‌ஷாப் தகரத்தின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"அரே டெர்வின்! என்னடா இது, உன் ஆளு லாஞ்ச்சுல கயிறு இழுக்குற கலாசி மாதிரி நிக்கிறா?" என்றான் சிவபிரகாஷ்.

"டூட்டிக்குக் கிளம்பிட்டா போல" என்றது டிக்லிபூர்.

"இருங்கடா." சிவபிரகாஷ் சுப்பாரியை ஒரு கன்னத்துக்குத் தள்ளினான். "பாக்கத்தானே பொம்பளய எடுக்குறேன்னு சொன்ன? அப்புறம் எதுக்குடா மூடி வச்சிருக்க?"

"மழை பெய்யுதுல்லடா."

"போனுக்குள்ளயா?"

எல்லாரும் சிரித்தார்கள். டெர்வின் அத்தோடு விட்டிருக்கலாம். பயம் இன்னொரு பதிலையும் வாயில் தள்ளியது.

"இல்ல... டயானா பாக்குறா. வீட்டுல தங்கச்சி முன்னாடி எப்படி அப்படி..."

"டயானாவா? அவ நர்ஸிங் படிக்கப் பிளேர் போயி மூணு மாசம் ஆச்சேடா."

யாரும் சிரிக்கவில்லை. சிவபிரகாஷ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். அது சந்தேகமா, சுப்பாரியை மெல்லும் முகமே அப்படித்தானா என்று டெர்வினால் கண்டுபிடிக்க முடியவில்லை. எஞ்சினுக்குள் எது அழுகிறது என்று கேட்கத் தெரிந்தவனுக்கு நண்பனின் முகத்திலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. அவன் கண் கதவுக்குப் போனது. அடுத்த கப்பலுக்கு ஒன்பது நாள்.

ஆட்டம் தொடங்கிவிட்டது. மூன்றாவது தெருவில் ரோஸ் சட்டை தெரிந்தது.

"மீட்டா ஆகயா!"

"யாரும் போடாதீங்க" என்றான் சிவபிரகாஷ். "இன்னைக்கு டெர்வின் போடட்டும். நீ ஒரு நாளும் இவனப் போட்டதே இல்லல்ல? சலோ, போடு."

கவனித்திருக்கிறான்.

டெர்வின் பெருவிரலை அழுத்தினான். சிரித்தான். குண்டு பாபி மேல் படுவதற்கும், அவன் கத்துவதற்கும், மற்ற மூவரும் சிரிப்பதற்கும் முன்பே அவன் சிரிப்பு ஒர்க்‌ஷாப் முழுக்கக் கேட்டது. பாபி விழுந்த பிறகும் விரலை எடுக்காமல் குண்டு தீரும்வரை சுட்டுக்கொண்டே இருந்தான்.

"போதும், போதும், செத்துட்டான்டா" என்றான் சிவபிரகாஷ். எழுந்து வாசலுக்குப் போய்ச் சுப்பாரியைத் துப்பிவிட்டு, பக்கத்துக் கடையைப் பார்த்துக் கத்தினான்: "அக்கா, ரெண்டு டீ!"

மழைக்கு மேலாகப் பொன்னம்மாவின் குரல் வந்தது. "மீட்டா எப்படி?"

சிவபிரகாஷ் பதில் சொல்ல வாயெடுத்தவன், திரும்பி டெர்வினைப் பார்த்தான்.

டெர்வின் குனிந்து நைலாவின் உடைப்பெட்டியைத் திறந்தான். மஞ்சள் கோட்டைக் கழற்றினான். பழைய இரண்டு துண்டையும் மாட்டிவிட்டு, நண்பனுக்கு நன்றாகத் தெரியும்படி போனைப் பெஞ்சின் மேல் நிமிர்த்தி வைத்தான். அதன் பிறகு, எண்ணெய்க் கறை படிந்த கையால், தன் சட்டையின் கழுத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டான்.