வியாழக்கிழமைக் கிச்சடி

மாதம் ஒரு கிலோ குறைந்தாலே போதும், பொறுமையாக இருங்கள் என்றார் டாக்டர். தொண்ணூறுகளின் கடைசி, எனக்கு நாற்பத்தைந்து வயது. பொறுமைக்கு எங்கே போவேன்?

புனே பக்கம் பிம்ப்ரியில் எங்கள் ஆபீஸில் மராத்திப் பெண்கள் வியாழக்கிழமை விரதம் இருப்பார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். சாமிக்காக இல்லை, இடுப்புக்காக.

அவர்கள் விரதத்தில் சோறும் சப்பாத்தியும்தான் கூடாது. நெய்யும் வேர்க்கடலையுமாக மினுங்கும் ஜவ்வரிசிக் கிச்சடி சாப்பிடலாம். தமிழ்க்காரிக்கு என்ன பக்தி என்று மெச்சி எனக்கு இன்னொரு கரண்டி வைப்பார்கள். ஒரு நாளும் வேண்டாம் என்றதில்லை. எடை ஏறியது. நான் மெஷினைத் திட்டினேன்.

ஒரு வியாழக்கிழமை பக்கத்து மேஜைக்காரி எனக்குக் கிச்சடி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் அவள் மகனுக்கு ஆபரேஷன்.

“அக்கா, நீங்க ஒரு வாரம்கூட விரதத்தை விட்டதில்ல. நீங்க கேட்டா சாமி கொடுக்கும். அவனுக்காக வேண்டிக்குங்க” என்றாள்.

வாய் நிறையக் கிச்சடி. தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த விரதம் எந்தச் சாமிக்கு என்றுகூட நான் அதுவரை கேட்டதில்லை.