கமெராவில் தெரிந்த என் கை

நாங்கள் டென்மார்க்கில் ஹேர்னிங் நகரத்தில் இருக்கிறோம். மகள் ஷரோன் இங்கே ஜிம்னாசியம் என்கிற உயர்வகுப்பில் படித்துக்கொண்டே, அமெரிக்காவிலுள்ள ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் வேதாகமப் பாடத்தையும் இணையவழியில் படிக்கிறாள். அதன் சோதனைகளை வீட்டிலிருந்தே, கணினிக் கமெராவில் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தனியாக இருந்து எழுதவேண்டும்.

முதல் சோதனையன்று பின்னேரம், வேலையால் வந்த கையோடு அவளுடைய அறைக்குள் போனேன். சின்ன வகுப்பிலிருந்தே எந்தச் சோதனைக்கும் தலையில் கைவைத்து ஜெபித்துத்தான் அனுப்புவேன். சோதனை ஏற்கெனவே தொடங்கிவிட்டது எனக்குத் தெரியாது. பின்னால் நின்று, கண்ணை மூடி ஜெபித்தேன். அவள் தலையை அசைத்தாள். நான் இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், அறையில் இன்னொருவர் இருக்கிறார் என்று சோதனையை நிறுத்திவிட்டார்கள்.

“அம்மா, நான் கள்ளம் செய்தனான் எண்டு நினைக்கப் போயினம்!”

எப்போதும் டெனிஷில் பதில் சொல்லும் பிள்ளை தமிழில் அழுதாள்.

நடந்ததை அவளே அந்தக் கல்லூரி ஆசிரியைக்கு எழுதினாள். அடுத்த நாள் திரும்ப எழுத விட்டார்கள். “இனி அம்மா சோதனைக்கு முதலே ஜெபித்துவிடட்டும்” என்று ஆசிரியை பதில் போட்டிருந்தா.

இப்போதெல்லாம் கதவைத் தட்டாமல் நான் உள்ளே போவதில்லை. சோதனை நாட்களில் குசினியிலேயே நிற்கிறேன். போன கிழமை ஒரு சோதனைக்குச் சற்று முன், ரொட்டிக்கு மா குழைக்கும்போது அவளாகவே வந்து, என் முன்னால் தலையைக் குனிந்தாள்.

“பொறு பிள்ளை, கை கழுவிப்போட்டு வாறன்.”

“பரவாயில்லை அம்மா, வையுங்கோ.”

தலையில் மாவோடேயே போய்க் கமெராவுக்கு முன்னால் இருந்தாள்.