புளி போட்டு மினுக்கிய விளக்கு

பழைய காரின் விளக்கைக் கழற்றுகிற ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது வாய்விட்டு அலறியிருப்பார். அலறாதவர் இன்னும் மூடியைத் திறக்கவில்லை என்று அர்த்தம். துருப்பிடித்த திருகாணியோடு மல்லுக்கட்டி நகம் பெயர்ந்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மட்டக்களப்பில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, ஆசிரியை வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தேன். கல்முனையில் அண்ணன் கார் திருத்தும் கராச் ஒன்று வைத்திருந்தான். ஆங்கிலத்தில் இருந்த கார்ப் புத்தகங்களை வாசித்துச் சொல்லத்தான் முதலில் என்னைக் கூப்பிட்டான். என் மெலிந்த விரல்கள் விளக்குக்குள் இலகுவாகப் போவதைக் கண்டதும் விளக்கு வேலை முழுவதையும் என் தலையில் கட்டிவிட்டான். யாரோடும் கதைக்கத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்கும் சம்மதம்.

அந்தக் கிழமை வந்தது, அண்ணன் முறை வைத்து நாங்கள் காக்கா என்று கூப்பிடும் உதுமாலெவ்வையின் ஹயர் கார், வாடகைக்கு ஓடுவது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தியது. கார்களைச் சோதிக்க மட்டக்களப்பிலிருந்து மோட்டார் எக்ஸாமினர் அடுத்த வியாழக்கிழமை வருகிறார். ஒரு விளக்கு எரியாவிட்டாலும் ஹயர் ஓட அனுமதி கிடைக்காது. ஓட முடியாவிட்டால் காக்கா சம்மாந்துறைக்குப் போய் மச்சானின் அரிசி ஆலையில் மூட்டை தூக்க வேண்டும்.

“மச்சானுக்குக் கீழ நிக்கிறதவிட இந்தக் காருக்குக் கீழ படுத்திரிக்கலாம்” என்றார்.

எஞ்சின் சத்தம்

வலப்பக்க முன் விளக்கின் வளையம் கடல் உப்பில் இறுகிப்போயிருந்தது. இரண்டு நாள் மண்ணெண்ணெயில் நனைத்து, மூன்றாம் நாள் மெல்ல நெம்பினேன். ஒரு கை அளவு மழைத் தண்ணீர் என் பாவாடையில் கொட்டியது. அதன் பின்னால் ஒரு தவளை பாய்ந்து என் மடியில் உட்கார்ந்தது.

நான் போட்ட கூச்சலில் அண்ணன் காருக்கு அடியிலிருந்து எழும்பப் பார்த்துத் தலையை இடித்துக்கொண்டான். போன மாரியிலிருந்து காரின் முன்பக்கம் ஏதோ கத்துகிறது என்று காக்கா முறையிட்டு, அண்ணன் இரண்டு தரம் எஞ்சினைப் பிரித்துப் பூட்டியிருந்தான். காக்கா குனிந்து தவளையை நிதானமாகப் பார்த்தார்.

“அடேய், நீதானா அந்த எஞ்சின் சத்தம்!”

நீட்டிய கை

இந்தக் காரில் திரும்பும் பக்கத்தைக் காட்ட ஒரு கைகாட்டி உண்டு. கதவுக்குப் பக்கத்தில் படுத்திருக்கும். சுவிட்சைப் போட்டால் சின்ன மஞ்சள் விளக்கோடு வெளியே நீளும். இடப்பக்கக் கைகாட்டிக்குப் புதிய கண்ணாடியை ஒட்டி, காயட்டும் என்று நீட்டியபடியே விட்டுவிட்டு உள்ளே பல்ப் எடுக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அதில் ஒரு கோர்வை பாரை மீன் தொங்கிக்கொண்டிருந்தது. கைகாட்டி தரையைப் பார்த்து வளைந்திருந்தது. மீன் தண்ணீர் என் புதிய கண்ணாடியில் வழிந்தது. மீனைத் தொங்கவிட்டவர் பக்கத்துக் கடையில் நின்று சாவகாசமாகத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் சத்தம் போட, அவருக்கும் கோபம் வந்துவிட்டது.

“கையை நீட்டினது கார். நான் குடுத்தன். அதுக்கு என்னத்துக்கு ஏசுற?”

மருதோன்றி

பின் விளக்கில் சிவப்புக் கண்ணாடி இல்லை. வெறும் வெள்ளைக் கண்ணாடியின் மேல் காய்ந்த பாசி போல ஏதோ அப்பியிருந்தது. சுரண்டி முகர்ந்தேன். பெருநாள் வாசம்! சிவப்பு ஆகட்டும் என்று காக்காவின் மனைவி ஆசியா உம்மா இரவு முழுக்க மருதோன்றி அரைத்துப் போட்டுவிட்டிருக்கிறார். நான் கொழும்புக்கு எழுதிச் சிவப்புக் கண்ணாடி எடுப்பித்தேன். காக்காவுக்கோ மனைவியின் கைப்பக்குவத்தில் இன்னும் நம்பிக்கை குறையவில்லை.

“கைக்கெல்லாம் நல்லாத்தான் பிடிக்கிது தங்கச்சி, கண்ணாடிக்குத்தான் பிடிக்கல்ல.”

உரித்த வெள்ளி

முன் விளக்கில் பல்புக்குப் பின்னால் குழிந்த தட்டு ஒன்று இருக்கும். பித்தளையில் செய்து வெள்ளி பூசியது. அந்த வெள்ளிதான் வெளிச்சத்தை ரோட்டுக்கு அனுப்புகிறது. விரல்கூடப் படக்கூடாது என்று புத்தகம் சொன்னது. பஞ்சால் ஒற்றி ஒற்றி இரண்டு தட்டையும் துப்புரவாக்கினேன். கராச்சின் தூசு படாமல் இருக்கட்டும் என்று வெள்ளைத் துணியில் சுற்றி, செவ்வாய்க்கிழமை காரோடு வீட்டுக்குப் போன காக்காவிடமே கொடுத்துவிட்டேன். “தொட வேண்டாம்” என்று சொல்ல வாயெடுத்தேன். அவரோடு வேறு இரண்டு ஆண்கள் நின்றார்கள். கூச்சத்தில் விழுங்கிவிட்டேன்.

புதன் காலை கார் வந்தது. பின் சீட்டில், வெளி ஆண்கள் பார்க்காதபடி கட்டிய திரைக்குப் பின்னால் ஆசியா உம்மா. திரையிடுக்கால் துணிப்பொட்டலம் நீண்டது. பிரித்தேன். இரண்டு தட்டும் மஞ்சள் மஞ்சளென்று மின்னின. ஒரு பொட்டு வெள்ளி இல்லை. வெற்றிலை வைக்கும் பித்தளை வட்டாவை மினுக்குவது போல, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருக்கிறார். அங்கிருந்த டயரில் உட்கார்ந்தேன். நான் மகிழ்ச்சியில் உட்கார்ந்துவிட்டதாக அவர் நினைத்தார்.

“கார் செஞ்சவன் பித்தளைக்கு வெள்ளி பூசி ஏமாத்தியிரிக்கான் புள்ள. எல்லாத்தையும் உரிச்சுப் போட்டன்!”

வியாழக்கிழமை

அண்ணன் தலையில் கைவைத்தான். காக்கா சம்மாந்துறைப் பக்கம் திரும்பி நின்றார். ஒருவரும் வாய் திறக்காததால் நான் திறந்தேன். அந்தக் கராச்சில் வெளியார் முன்னால் நான் பேசிய முதல் முழு வசனம் அது: “அந்த வெள்ளி இல்லாட்டி வெளிச்சம் இல்லை, வெளிச்சம் இல்லாட்டி நாளைக்கு அனுமதி இல்லை.”

திரைக்குப் பின்னால் ஆசியா உம்மா குனிவது தெரிந்தது. ஒரு வெள்ளித் தண்டை வெளியே நீண்டது. “இது காணுமா புள்ள?”

தெருமுனையில் நகை செய்யும் பத்தர், பித்தளை நகைக்கு வெள்ளி பூசிப் பழகியவர். தண்டையில் ஒரு துண்டை வெட்டிக் கரைத்து, ஏதேதோ உப்புச் சேர்த்து, பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை இரண்டு தட்டிலும் தேய்த்தார். இந்தத் தடவை அவற்றை நானே மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

மறுநாள் எக்ஸாமினர் காரின் முகத்தைக் கராச்சின் இருட்டு மூலைக்குத் திருப்பச் சொன்னார். விளக்கைப் போட்டதும், சுவரில் தொங்கிய அண்ணனின் சட்டையில் கிழிசல்கூடத் தெரிந்தது. பின்னால் சிவப்பு எரிந்தது. நிமிர்த்திய கைகாட்டி நீண்டது, அக்கம்பக்கத்தில் மீனோடு யாரும் நிற்கவில்லை என்று பார்த்துக்கொண்டேன். அவர் கடதாசியில் ஒப்பம் வைத்தார். காக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போது பின் சீட்டுத் திரை விலகி, ஆசியா உம்மா என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

“என்ட தண்டைதானே உள்ளுக்கு இரிக்கி, மங்க விடுவனா? கிழமைக்கொருக்கா, வெள்ளிக்கு வெள்ளி புளி போட்டு மினுக்கிறன், நீ ஒண்டுக்கும் யோசியாத புள்ள!”

ஆக, ஒரு கார் விளக்கைத் திருத்த ஒரு கிழமை காணும். அதை மினுக்க வேண்டாமென்று ஒரு வீட்டுக்காரியைச் சம்மதிக்க வைக்கத்தான் ஓர் ஆயுளும் காணாது.