ரோலருக்குப் பின்னால் வந்த வீடு

என் கல்யாணத்தைப் பேசி முடித்த தரகர், "மாப்பிள்ளை என்ஜின் டிரைவர்" என்றுதான் சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில்தான் என்ஜின் என்றால் ரயில் என்று எடுத்துக்கொண்டார்கள். அப்பா அரிமளத்தில் கடைக்குக் கடை நின்று, மருமகன் ரயில் ஓட்டுகிறார் என்று சொல்லிவிட்டார். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த மறுவருஷம் அது. கல்யாணம் அவர்கள் ஊரில், ஆவூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் நடந்தது. எங்கள் பக்கத்திலிருந்து போனவர்கள் கொஞ்சம் பேர்தான். மாப்பிள்ளை எந்த லைனில் ஓட்டுகிறார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும்.

அவர் ஓட்டியது ரோடு ரோலர். சாலை போடும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வேலை. சாலை எங்கே போடுகிறார்களோ அங்கே மாதக்கணக்கில் கிடக்க வேண்டும். அதனால் ரோலருக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டை மாட்டி இழுத்துக்கொண்டு போவார். இரண்டு இரும்புச் சக்கரம், தேக்குப் பலகைச் சுவர், தகரக் கூரை. முன்பு யாரோ ஒரு துரை தங்கியிருந்த வண்டி. ஒப்பந்தக்காரர் அதைக் கழித்துப்போட்டபோது இவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

என்னைக் குடித்தனம் வைக்க அப்பா மாட்டுவண்டியில் பாத்திரம் பண்டங்களோடு வந்தார். சாலையோரம் ஒரு புளிய மரத்தடியில், முன்பக்கம் கட்டையால் முட்டுக்கொடுத்து, இந்த வண்டி நின்றது.

"வீடு எங்கிட்டு இருக்கு மாப்பிள்ளை?" என்று அப்பா கேட்டார்.

"இதுதான் மாமா" என்றார் இவர். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

அப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கொஞ்ச தூரத்தில் நின்ற ரோலரை ஒரு தடவை பார்த்தார். ரயில் என்ன ஆயிற்று என்று கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை. சாமான்களை இறக்க ஆரம்பித்தார். பித்தளை அண்டா மட்டும் வாசலுக்குள் நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தோம், படுக்கவைத்துப் பார்த்தோம். கடைசியில் அப்பா அதைத் திரும்ப வண்டியில் ஏற்றினார். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஊருக்கு வந்தா பஸ்ல வா ஆத்தா. இதப் பத்தி அங்கிட்டு ஒண்ணும் பேச்சு வேணாம்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். எனக்கு அப்போதுதான் நான் எதில் இறங்கி நிற்கிறேன் என்பதே உறைத்தது. தலையை ஆட்டினேன்.

அடுத்த மாதமே இவர் வாசல் சட்டத்தைக் கழற்றி அகலமாக்கினார். "இப்ப அண்டா உள்ள போகும், பாரு" என்று கயிறு பிடித்து அளந்து காட்டினார். அண்டா வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவும் இல்லை.

அவருக்கு அந்த வண்டியின் மேல் ஒரு பிரியம். ஞாயிற்றுக்கிழமையானால் ஏதாவது ஒரு பலகையைத் தட்டிக்கொண்டிருப்பார். கரையான் அரித்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுப் பலகை வைப்பார், அச்சுக்கு மசகு போடுவார். நான் எதைச் சொல்லிக் குறைப்பட்டாலும் அதைச் சரிசெய்ய ஒரு வழி கண்டுபிடித்துவிடுவார். மழையில் கூரை ஒழுகியது. சாலைக்கு உருக்கிய தாரில் மிச்சத்தைக் கொண்டுவந்து தகரத்தின் இணைப்பெல்லாம் பூசினார். ஒழுகல் நின்றது. ஆனால் வெயில் ஏற ஏற வீடு முழுக்கத் தார் வாடை. என் சேலை, தலைமுடி, பாய், சோறு எல்லாவற்றிலும் அதுதான். சீயக்காய் போட்டு எத்தனை தேய்த்தாலும் போகாது. சித்தி மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த சித்தி, "எங்கிட்டோ ரோடு போடுறாங்க போலடி, தார் வாடை வருதுல்ல?" என்றாள். எதிரே பரிமாறிக்கொண்டிருந்த, என்னைப் பெற்ற ஆத்தா கரண்டியோடு அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட்டாள். நான் பாதி இலையில் எழுந்து கைகழுவப் போனேன்.

மணமேல்குடிப் பக்கம் வேலை நடந்தபோது, எங்கள் வண்டியைக் கண்டாலே பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடினார்கள். அம்மை குத்துகிற வண்டி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பொம்பளைகள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பனங்காட்டுக்குள் போய்விடுவார்கள். தண்ணீர் எடுக்கக் கிணற்றுக்குப் போனால் அங்கே ஒருத்தியும் இருக்கமாட்டாள். இவரிடம் சொல்லி அழுதேன். உடனே பச்சைப் பெயிண்ட் வாங்கிவந்து அடித்தார். அதன் பிறகு பிள்ளைகள் ஓடவில்லை. சர்க்கார் வண்டி என்று நினைத்து, பட்டா மாற்ற வேண்டும் என்று பெரியவர்கள் வந்து நின்றார்கள். நான் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருப்பேன். "அம்மா, ஐயா எப்ப வருவாரு?" என்று கும்பிடு போடுவார்கள். இது வீடு, நாங்கள் இதில்தான் குடியிருக்கிறோம் என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னதும் அவர்கள் முகம் மாறுவதையும் பார்க்க வேண்டியிருந்தது.

குளிக்கிற இடம்தான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. பின்பக்கம் கீற்றுத் தட்டி கட்டிக் குளிப்பேன். ஒரு நாள் கடற்காற்று தட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. ஜல்லி கொட்டிக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். எல்லாரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. இரண்டு நாள் நான் வெளியே தலைகாட்டவில்லை. இவர் பின்சுவரில் கீல் வைத்து, விரித்தால் மறைப்பாகவும் மடித்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வதாகவும் இரண்டு தகரக் கதவு செய்து மாட்டினார். நல்ல வேலைப்பாடு. ஒப்பந்தக்காரரே வந்து பார்த்துவிட்டுப் போனார். நான் இருக்கும்போதே, அதைத் திறந்து மூடிக் காட்டச் சொல்லிப் பார்த்தார்.

ஊருக்குப் போவதென்றால் எப்போதும் பஸ்தான். இவர் கூட வந்தது இரண்டு தடவை, தீபாவளிக்கு. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பேச்சுக் குறைவாக உட்கார்ந்திருந்துவிட்டு மறுநாள் திரும்பிவிட்டார். மருமகனைப் பற்றி அப்பா ஊரில் என்ன சொல்லியிருக்கிறார் என்பது இவருக்குத் தெரியாது. சொன்னால் புண்படுவார் என்று நானும் சொல்லவில்லை.

மகளுக்கு ஐந்து வயது நடக்கும்போது ஒரு நாள் இவர் சிரித்துக்கொண்டே வந்தார். "அடுத்த வேலை எங்க தெரியுமா புள்ள? ஒங்க ஊரு ரோடுதான்."

"நான் பஸ்ல முன்னாடி போயிர்றேன்" என்றேன்.

"சாமான் உருளாம யாரு பாத்துக்கிறது? உள்ள ஒக்காந்துக்க. ஒங்கப்பா வீட்டு வாசல் வழியாத்தான் போறோம்."

ரோலர் போகிற வேகம் மனுஷன் நடக்கிற வேகம். அதில் கட்டி இழுத்துப் போகிற வீட்டை ஊர் அவசரமில்லாமல் பார்க்கலாம். கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் நான் ஜன்னல் பலகை எல்லாவற்றையும் இறக்கிவிட்டு மகளை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். தகரக் கூரைக்குக் கீழே வெந்துபோனோம். வெளியே பிள்ளைகள் கூடவே ஓடிவந்து பலகையைத் தட்டினார்கள்.

எங்கள் தெருவில், எங்கள் வீட்டு வாசலிலேயே, கொக்கியில் மாட்டியிருந்த ஆணி முறிந்தது. வீடு முன்பக்கமாகத் தரையில் குத்திச் சாய்ந்தது. பானை, செம்பு, குழம்புச் சட்டி, அரிசி டின் எல்லாம் உருண்டு எங்கள் மேல் வந்து விழுந்தன. ரோலர் அது போடுகிற சத்தத்தில் ஒன்றும் தெரியாமல் போய்க்கொண்டே இருந்தது.

கூட்டம் சேர்ந்துவிட்டது. "உள்ள ஆள் இருக்காங்களா?" என்று ஒருவர் கதவைத் தட்டினார். நான் மூச்சுக் காட்டவில்லை. மகள் பலகை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "தாத்தா" என்றாள். அவள் வாயைக் கையால் பொத்தினேன். இடுக்கு வழியாக எனக்கும் தெரிந்தது. அப்பா வாசற்படியில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். எங்கள் வண்டியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரத்தில் இவர் வியர்வையும் கரியுமாக ஓடிவந்தார். "அடிகிடி பட்டுச்சா?" என்று பலகைக்கு வெளியிலிருந்து மெதுவாகக் கேட்டார். "இல்ல" என்று இடுக்கு வழியாக முணுமுணுத்தேன். பிறகு அவர் நேரே எங்கள் வீட்டுப் படியை நோக்கிப் போனார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அப்பா பேசிவிட்டார். "என்ன தம்பி, ஆணி முறிஞ்சிருச்சா? நீங்க எந்த ஊரு?"

இவர் நின்றுவிட்டார். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. சுற்றி நின்ற யாரோ, "ரோடு வேலைக்கு வந்த ஆளுங்க மாமா" என்றார்கள்.

"ஆவூர்ப் பக்கம்ங்க" என்றார் இவர். "ஒரு கடப்பாரை இருந்தாக் குடுங்கய்யா. தூக்கி நிறுத்திட்டுத் தந்திர்றேன்."

அதுவரை அவர் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். ஐயா என்ற சொல் என் காதில் விழுந்தபோது, கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இறங்கவில்லை. அப்பாவின் மானமா, இவருடைய மானமா என்று யோசித்து உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னால் அது நிஜமில்லை. என் சேலையெல்லாம் சிந்திய குழம்பு. அந்தக் கோலத்தில் அத்தனை பேர் முன்னால் இறங்க என்னால் முடியவில்லை.

ஊர் ஆட்கள் கை கொடுத்து வண்டியைத் தூக்கினார்கள். நான் உள்ளே இருப்பது தெரியாமல், "என்னப்பா இப்படிக் கனக்குது?" என்று ஒருவர் சிரித்தார். இவர் வேறு ஆணி அடித்து மாட்டினார். கடப்பாரையைத் திருப்பிக் கொடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

ஊருக்கு வெளியே கண்மாய்க்கரையில் வண்டியை நிறுத்தி, முட்டுக்கொடுத்த பிறகுதான் கேட்டார். "மாமா என்னைய என்ன வேலைன்னு சொல்லி வச்சிருக்காரு?"

"ரயிலு" என்றேன்.

சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. எழுந்து போய்ச் சக்கரத்தைப் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் எந்தப் பலகையையும் தொடவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் தொடவில்லை.

அந்த வேலை முடியும்வரை, பிறந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் நான் குடியிருந்தேன். ஆத்தா விறகு பொறுக்குவதுபோல வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவாள். கார்த்திகைக்கு வீட்டுக்கு வரச் சொல்லி அப்பா அவளிடம் சொல்லியனுப்பினார். பஸ்ஸில்தான் வர வேண்டுமாம். நானும் மகளைக் கூட்டிக்கொண்டு, எதிர்த் திசையில் வயல் வரப்போடு நடந்துபோய், முந்தின நிறுத்தத்தில் பஸ் ஏறினேன்.

கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே கண்மாய்க்கரைப் பக்கம் கைகாட்டி, "என்னங்க, அந்தா இருக்கு ஒங்க வண்டி. நடந்தே போயிருக்கலாமே" என்றார்.

பஸ்ஸில் இருந்த எங்கள் தெருப் பெண் ஒருத்தி என் பக்கம் திரும்பவே இல்லை. அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். என் அப்பாவுக்காக எல்லாரும் சேர்ந்து தெரியாததுபோல இருந்திருக்கிறார்கள். அப்பாவிடம் இதை நான் சொல்லவில்லை. தெருவில் இறங்கி, தூரப் பயணம் வந்தவள்போல முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன்.

எங்கள் வீட்டு வாசலில் ஜல்லி போட்டு அமுக்கிய அன்று, இவர் காலையிலிருந்து மாலைவரை அந்த வாசலில் முன்னும் பின்னும் ரோலரை ஓட்டினார். ஆத்தா எல்லா ஆட்களுக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தாளாம். அப்பா உள்ளிருந்து, "அந்த டிரைவர் தம்பிக்கு இன்னொரு செம்பு ஊத்து" என்றாராம். அன்றைக்குச் சாயங்காலம் இவர் இதைச் சொன்னபோது முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. எனக்கு அதைக் கேட்கவே கூசியது.

அதன்பின் மறுபடியும் வண்டியில் கை வைத்தார். கொக்கிக்குத் துணையாகச் சங்கிலி போட்டார். பழைய லாரியிலிருந்து குலுக்கலைத் தாங்கும் வில் பட்டையும் ரப்பர் டயரும் வாங்கி மாட்டினார். குலுக்கல் பாதி குறைந்தது. கடைசி வருஷங்களில் உள்ளே தண்ணீர்த் தொட்டி, மடக்குக் கட்டில், மகள் படிக்க ஒரு பலகை எல்லாம் இருந்தன. வசதி கூடக் கூட எனக்கு வெட்கம் குறையும் என்று அவர் நினைத்திருக்கலாம். குறையவில்லை.

மகள் பெரிய பள்ளிக்கூடம் போகும் வயதில் ஒப்பந்தக்காரர் ரோலரை விற்றுவிட்டார். இவருக்குப் புதுக்கோட்டையில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. வாடகைக்கு வீடு எடுத்தோம். வண்டியை உப்பளக்காரர் ஒருவர் காவல்காரர் தங்க வேண்டும் என்று வாங்கிப்போனார்.

அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தபோது, "மருமகன் முன்னாடி ரயில்ல இருந்தாரு. ஒத்து வரலைன்னு விட்டுட்டாரு" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் இவரைத் திரும்பிப் பார்த்தார். "ஆமாங்க" என்றார் இவர்.

நான் அடுப்படியில் நின்றேன். பால் பொங்கி வழிந்தது.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டு அக்கா என்னிடம், "ரயில்ல எந்த லைன்ல ஓட்டுனாரு?" என்று கேட்டார். தைரியம் வந்து சொன்னேன் என்று சொல்ல முடியாது. அலுத்துப்போயிருந்தது. "ரயில் இல்லக்கா, ரோடு ரோலரு. ரோலருக்குப் பின்னாடி வண்டியில வீடு கட்டி அதுலதான் இருந்தோம்" என்றேன்.

"அப்படியா" என்றார். "புது புளி வந்திருக்காம். வாங்குறீங்களா, நானும் சேத்து வாங்குறேன்."

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். "பக்கத்து வீட்டு அக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

சோற்றைப் பிசைந்த கை நின்றது. "எதுக்குப் புள்ள சொன்ன?" என்றார். "மாமா மறுபடி வந்தா அவருக்குச் சங்கடமாயிருமே."