எக்ஸ்ரே அக்கா வாய் திறந்த காலை

வனத்துறை அலுவலகத்தின் பின்னறையில், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்த மூலையில் உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேட்டைக்காரர்கள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கக் காட்டின் மேல் பறக்கும் ட்ரோன் அனுப்புகிற படத்தைப் பார்ப்பது அவர் வேலை. அது சூட்டைப் படம் பிடிக்கும் கேமரா. சூடானது வெள்ளையாகத் தெரியும், குளிர்ந்தது கறுப்பாக. "பழகிக்க நாளாகும்மா" என்றார் ரேஞ்சர், வேலைக்கு எடுத்த அன்று. அக்கா சிரித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் எக்ஸ்ரே எடுத்தவர். கறுப்பு வெள்ளையிலேயே பாதி ஆயுள் போயிருந்தது.

அந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவர் மீறாத சட்டம் ஒன்று உண்டு. படத்தில் என்ன தெரிந்தாலும் சொல்லக் கூடாது. "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க." இவ்வளவுதான் அவர் பேசலாம். மீதியை டாக்டர் சொல்வார். சொந்தக் கணவரின் நெஞ்சுப் படத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு நிழலைப் பார்த்த அன்றும், "டாக்டர் திங்கக்கிழமை வருவார்" என்றுதான் சொன்னார். மூன்று நாள் சமைத்தார், துவைத்தார், வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கணவரே, "விடு, உன் மூஞ்சியிலயே ரிப்போர்ட் எழுதியிருக்கு" என்று அவர் தலையைத் தடவிக்கொடுத்தார். ஆபரேஷன் முடிந்து, ஒற்றை நுரையீரலோடு இன்றும் அவர் மாடிப்படி ஏறுகிறார், படிக்கு ஒரு வசவு வீதம். ஆனால் அந்த மூன்று நாள் மட்டும் அக்காவுக்கு இன்னும் செரிக்கவில்லை.

இங்கும் அதே சட்டம்தான். பார்த்ததை அக்கா நோட்டில் எழுத வேண்டும். காவலர்களை எங்கே அனுப்புவது என்று ரேஞ்சர் சொல்வார்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ட்ரோன் ஓட்டுகிறவர் முன்பு கல்யாண வீடியோ எடுத்தவர். எந்த மிருகத்தைக் கண்டாலும், மணப்பெண்ணைச் சுற்றுவதுபோல ஒரு சுற்றுச் சுற்றாமல் விடமாட்டார்.

"மானுக்கு எதுக்குங்க நாலு பக்கமும் படம்? ஆல்பம் போடப் போறீங்களா?" என்பார் அக்கா.

"ஆளு அழகா இருக்குக்கா. விட மனசு வரல."

அன்று வெயில் ஏறுவதற்கு முன் திரையில் பெரியவர் வந்தார். நீண்ட தந்தங்களோடு அந்தக் காட்டில் மிஞ்சியிருந்த ஒரே கிழட்டு யானைக்கு அங்கே அதுதான் பெயர். பின்னங்காலை இழுத்து இழுத்து, வழக்கம்போலக் குட்டையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார். குட்டைக்கு இந்தப் பக்கம், புதரடியில், இரண்டு கறுப்புத் திட்டுகள்.

"அது என்னங்க?"

"மழைத்தண்ணி தேங்கியிருக்கும்க்கா."

அக்கா திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார். விடியற்காலையில் தண்ணீர் தரையைவிடச் சூடாக இருக்கும். குட்டையே வெள்ளையாகத்தான் தெரிந்தது. இந்தத் திட்டுகளோ தரையைவிடக் கறுப்பு. இரண்டும் ஒரே நீளம். ஓரங்கள் கத்தரித்ததுபோல நேராக இருந்தன. ஒன்றின் நுனியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு வெள்ளை எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது.

"ஈரச் சாக்கு" என்றார் அக்கா. "உள்ள ஆளுங்க படுத்திருக்காங்க. சூடு தெரியக்கூடாதுன்னு நனைச்சுப் போத்தியிருக்காங்க."

ரேஞ்சர் தலைமை அலுவலகக் கூட்டத்துக்கு இரவே கிளம்பிப் போயிருந்தார். மூன்று தடவை அடித்தும் போன் அணைந்தே கிடந்தது. காவலர்கள் ஆறு பேரும், நேற்று டயர் தடம் கண்ட கிழக்கு எல்லையில் இருந்தார்கள்.

"தப்பாயிடுச்சுன்னா கிழக்குப் பக்கம் காலியாயிடும்க்கா. சார் வரட்டுமே" என்றார் வீடியோக்காரர்.

பெரியவர் இன்னும் பத்து எட்டு வைத்தார். அக்கா வாக்கி டாக்கியை எடுத்தார்.

"குட்டைக்கு வாங்க. தென்கரைப் புதர்ல ரெண்டு பேர். சத்தம் போடாம வாங்க."

பிறகு வீடியோக்காரரிடம் திரும்பினார். "அவங்க வந்து சேர இருபது நிமிஷமாகும். அதுவரைக்கும் பெரியவரை நிறுத்துங்க."

"எப்படிக்கா?"

"தினம் சுத்துவீங்கல்ல, சுத்துங்க. கீழ இறங்கி, மூஞ்சிக்கு நேரா."

தேனீக்கூட்டம்போல இரைந்துகொண்டு ட்ரோன் இறங்கியது. பெரியவர் நின்றார், காதை விரித்தார், தலையை ஆட்டிவிட்டு வந்த வழியே திரும்பினார். பேட்டரி தீரும்வரை வீடியோக்காரர் அவரைத் துரத்திக்கொண்டே போனார்.

அதற்குப் பிறகு திரையில் ஒன்றும் இல்லை. இருவரும் வாக்கி டாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அது கரகரத்தது. "ரெண்டு பேரையும் பிடிச்சாச்சுக்கா. துப்பாக்கியும் இருக்கு. சாக்கு சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு."

"அக்கா," என்றார் வீடியோக்காரர் மெல்ல, "மூச்சை விடுங்க."

மதியம் வீட்டில் செருப்பைக் கழற்றும்போதே கணவர் அவர் முகத்தைப் பார்த்தார். "என்ன, ரிப்போர்ட் நல்லாருக்கு போல?"

"டாக்டருக்குக் காத்திருக்கலங்க. நானே சொல்லிட்டேன்."

எந்த டாக்டர் என்று அவர் கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரு. முதல்லேருந்து சொல்லு. மெதுவாச் சொல்லு, எனக்குப் பாதி மூச்சுதான் இருக்கு."