பச்சை அக்கா வராத நான்காம் பாகம்

கத்திக்காரன் வீடியோ விளையாட்டின் நான்காம் பாகத்தை இப்போது ஊர் உலகமெல்லாம் கொண்டாடுகிறது. அந்த வரிசையிலேயே துணிச்சலானது அதுதான் என்று இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். வந்த புதிதில் இதே ஆட்கள்தான் அதைக் குப்பை என்றார்கள். பெங்களூரில் எங்கள் ஜீவனஹள்ளியில் அதை மனதாரத் திட்டித் தீர்த்தவர்கள் மூன்று பேர்: நான், என் அண்ணன், பக்கத்து வீட்டுப் பையன்.

விளையாட்டின் உண்மையான பெயர் வேறு. கேசட்டின் மேல் ஜப்பானிய எழுத்தும் கத்தியை ஓங்கி நிற்கும் ஒருவனின் படமும் இருந்ததால் நாங்கள் வைத்த பெயர் அது. கொண்டுவந்தவர் சித்தப்பா. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். கம்பெனி அவருக்கு ஆறு மாதம் மாலை வகுப்பில் ஜப்பானிய மொழி சொல்லிக் கொடுத்து, மூன்று மாதப் பயிற்சிக்கு அங்கே அனுப்பியது. திரும்பும்போது சித்திக்கு ஒரு குடையும், எங்களுக்கு யாரோ ஆடித் தீர்த்து விற்ற பழைய கேம் பெட்டியும், கத்திக்காரனின் முதல் மூன்று பாகங்களும் கொண்டுவந்தார்.

சித்தப்பாவும் சித்தியும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறைகளில் குடியிருந்தார்கள். குழந்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் அங்கே போய்விடுவோம். அது வெறும் சண்டை விளையாட்டு அல்ல. நான்கு பேர் ஊர் ஊராக நடப்பார்கள், நிறையப் பேசுவார்கள். திரையில் வரும் எழுத்தைச் சித்தப்பா படித்துத் தமிழில் சொல்வார், அண்ணன் பட்டனை அழுத்துவான். சித்தி கட்டிலில் உட்கார்ந்து எல்லாருக்கும் யோசனை சொல்வாள். நால்வரில் பச்சை உடை போட்ட ஒருத்தி மூலிகை அரைத்து மற்றவர்களின் காயத்தை ஆற்றுவாள். சித்திக்கு அவளைத்தான் பிடிக்கும். "மொதல்ல பச்சை அக்காவ காப்பாத்துங்கடா, அவ போனா எல்லாரும் காலி" என்பாள்.

மூன்றாம் பாகத்தின் பாதியில் சித்திக்கு வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆட்டம் நிற்கக் கூடாது, நடந்ததை வந்து தன்னிடம் சொல்ல வேண்டும் என்பது சித்தியின் உத்தரவு. அதனால் சித்தப்பா ஞாயிறுதோறும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து எங்களோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போவார்.

அப்படி ஒரு ஞாயிறு, பனி பெய்யும் மலையில், கடைசி மருந்தைக் கத்திக்காரனுக்குக் கொடுத்துவிட்டுப் பச்சை அக்கா ஒரு மரத்தடியில் சாய்ந்தாள். இசை நின்றது. திரையில் ஒரே ஒரு வரி வந்தது.

"செத்துட்டாளா சித்தப்பா?" என்றேன்.

அவர் அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "இல்ல. தூங்குறா. நாலாவது பார்ட்ல எழுந்து வருவான்னு போட்டிருக்கு."

அன்று மாலை சித்தியிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. இரண்டு மாதத்தில் சித்தி இறந்துபோனாள்.

அதன்பின் இரண்டு வருடம் நாங்கள் நான்காம் பாகத்துக்காகக் காத்திருந்தோம். பச்சை அக்கா எழுந்து வருவாள், இந்தத் தடவை கத்தி அவள் கையில் இருக்கும் என்றெல்லாம் நாங்களே கதை கட்டினோம். சித்தப்பாவிடம் கேட்டால் "வருவா, வருவா" என்பார். பக்கத்து வீட்டுப் பையன் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்: "சக்கத்தா, சூப்பரா இருக்கும் பாரு மச்சா."

ஒரு சனிக்கிழமை காக்ஸ் டவுன் பக்கத்தில் காசு கொடுத்து ஆடும் வீடியோ கேம் கடையில் அது வந்துவிட்டது. அதுவும் ஆங்கிலத்தில். மூவரும் ஓடினோம். திரையில் எல்லாமே புது ஆட்கள். பச்சை அக்காவைத் தேடித் தேடிப் போனால், மலையில் அதே மரத்தடியில் ஒரு கல் நட்டிருந்தது. இங்கே உறங்குகிறாள் என்று எழுதவில்லை. இங்கே இறந்தாள் என்றே எழுதியிருந்தது.

"டுபாக்கூர் கேம்" என்று பக்கத்து வீட்டுப் பையன் எழுந்துவிட்டான். அண்ணனுக்குக் கண் கலங்கியது. எனக்குக் கோபம்தான் வந்தது.

வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் சித்தப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் அவருக்குச் சந்தாபுராவில் பெண் பார்க்கப் போகிறோம் என்று ஏற்பாடு. எல்லாரும் வேனில் போவது என்பதில் எனக்கும் சந்தோஷம்தான். சித்தியின் பேச்சை மட்டும் எடுக்கக் கூடாது என்று அம்மா எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

"நாலாவது பாத்துட்டோம் சித்தப்பா. பச்சை அக்கா வரவே இல்ல. அவ அப்பவே செத்துட்டா. உங்களுக்கு ஜப்பான் பாஷையே தெரியாது. எல்லாம் டூப்பு!"

சமையலறையிலிருந்து அம்மா அதட்டினாள். "விடுங்க அண்ணி" என்றார் சித்தப்பா. பிறகு என்னிடம், "ஆமா கண்ணு. எனக்கு அவ்வளவா தெரியாது. தப்பா படிச்சுட்டேன்" என்றார்.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். வளர்ந்தபின் அந்த வரியைத் தேடிப் பார்த்தேன். ஆறு மாதம் மாலை வகுப்புக்குப் போன யாரும் தப்பாகப் படிக்க முடியாத வரி அது.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவர் கேட்டார்: "புது ஆளுங்க அவளப் பத்திப் பேசுறாங்களா?"

"இல்ல. அவங்களுக்கு அவ யாருன்னே தெரியாது."

"கல்லுல பேரு இருக்குதா?"

"இருக்கு."

"அங்க யாராச்சும் வராங்களா?"

"கத்திக்காரன் மட்டும் வந்து நிக்கிறான். கெழவனாயிட்டான். எந்த பட்டன அமுக்குனாலும் பேச மாட்டேங்கறான். வேஸ்ட்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஏற்கெனவே தேய்த்து முடித்த சட்டைக் கையை மறுபடி தேய்க்கத் தொடங்கினார். இவ்வளவு எதிர்பார்த்த விளையாட்டு மோசமாகப் போய்விட்டதே என்று வருந்துகிறார் போல என்று எனக்குப் பாவமாகிவிட்டது. பக்கத்தில் போய் அவர் முழங்கையைத் தொட்டேன்.

"கவலப்படாதீங்க சித்தப்பா. அடுத்தது நல்லா இருக்கும்."

"ம்" என்றார். "அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க."

எல்லாரும் என்று அவர் யாரைச் சொன்னார் என்பது எனக்கு விளங்கவில்லை. ஐந்தாம் பாகத்தைப் பற்றி எங்கள் தெருவில் அதுவரை யாரும் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.